வேலை நல்லா செய்றேன், ஆனா ப்ரமோஷன் மட்டும் வர மாட்டேங்குது

கேள்வி: 6 வருஷமா ஒரே டீம்ல இருக்கேன், குடுத்த வேலைய தப்பில்லாம முடிச்சிடுவேன், ஆனா மீட்டிங்ல வாயே திறக்க மாட்டேன், நேத்து எனக்கப்புறம் சேர்ந்தவர லீட் ஆக்கிட்டாங்க, ராத்திரி தூக்கமே வரல. நான் எத மாத்திக்கணும்?

பதில்: நானும் இப்படித்தாங்க இருந்தேன். நாம செய்றது மேனேஜருக்கு தானா தெரியும்னு நினைச்சது தப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 வரில ஒரு மெயில் போட ஆரம்பிச்சேன், என்ன முடிஞ்சுது, எது எங்க மாட்டிக்கிட்டு நிக்குது, அடுத்த வாரம் என்ன, அவ்ளோதான். அப்ரைசல் வரும்போது அந்த மெயில எல்லாம் எடுத்து வச்சேன், நான் தனியா பெருமை அடிச்சுக்க வேண்டியே வரல.

பதில்: மீட்டிங் பயத்துக்கு ஒண்ணு சொல்றேன். முதல் 10 நிமிஷத்துக்குள்ள ஒரு சின்ன கேள்வியாவது கேட்டுடுங்க, நேரம் போகப் போக வாய் இன்னும் கட்டிக்கும். முந்தின நாளே எழுதி வச்சுக்கோங்க, எனக்கு நோட்ட புடிச்ச கை நடுங்கும், அப்பவும் பாத்தே படிச்சேன்.

பதில்: மேனேஜர்கிட்ட நேரா கேட்டீங்களா? "என் வேலை எப்படி இருக்கு"ன்னு கேட்டா நல்லாருக்குன்னுதான் வரும். "லீட் ஆக எனக்கு எது குறையுது"ன்னு கேளுங்க.

கேள்வி கேட்டவர்: இதுவரை கேட்டதே இல்லங்க. திங்கக்கிழமை பேச டைம் கேட்டு இப்பதான் மெசேஜ் போட்டேன்.