மதுபோதை வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்கு யாழ்ப்பாணத்தில் விநியோகச் சாரதி வேலை கிடைக்குமா?

கோண்டாவில் அக்கா:

மதுபோதையில் வாகனம் செலுத்தியதற்காக என் தம்பி இரண்டு தடவை நீதிவான் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர். இரண்டாம் தடவை தண்டப்பணத்தோடு சாரதி அனுமதிப்பத்திரமும் ஓராண்டுக்கு இடைநிறுத்தப்பட்டது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2022 இற்குப் பிறகு அவர் குடிப்பதில்லை என்பதை ஒரே வீட்டில் இருக்கும் நான் அறிவேன். வாகனம் ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு தொழில் பழக்கமில்லை. நகரிலுள்ள ஒரு நிறுவனம் அவரை ஓட்டிக் காட்டச் சொல்லி, திருப்தி என்றும் சொல்லியது. பொலிஸ் அறிக்கை கொண்டுவரச் சொன்ன பின்னர் எந்தப் பதிலும் இல்லை. பழைய வழக்குகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டுமா, கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா? இப்படிப்பட்ட ஒருவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்? மனைவியும் சிறு பிள்ளையும் அவரை நம்பியே இருக்கிறார்கள்.

சுன்னாகம் முகவர்:

சகோதரி, நான் பிஸ்கட், சவர்க்காரம் போன்ற பொருள்களைக் கடைகளுக்கு விநியோகிக்கும் முகவர் நிலையம் நடத்துகிறேன். ஆகவே முதலாளியின் பயம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறேன். வாகனத்துக்கு முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும், விபத்து நேரத்தில் சாரதி மது அருந்தியிருந்தார் என்று மருத்துவ அறிக்கை வந்தால், வாகனச் சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுத்துவிடும். அதே வேளையில், வேலை நேரத்தில் சாரதியின் கவனயீனத்தால் வேறொருவருக்கு நேர்ந்த இழப்புக்கு அவரை வேலைக்கு வைத்தவரும் பொறுப்பாளி ஆகிறார். தவணைக் காசு இன்னும் கட்டி முடியாத ஒரு வானை வைத்துத் தொழில் செய்பவருக்கு இவை இரண்டும் ஒன்றாக வந்தால் தொழிலே போய்விடும். உங்கள் தம்பியின் குணத்தைப் பற்றிய தீர்ப்பாக இதைக் கொள்ள வேண்டாம்.

முதலிலேயே சொல்ல வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. யாழ்ப்பாணம் சிறிய ஊர். நீங்கள் சொல்லாவிட்டாலும் ஒரு மாதத்துக்குள் யாராவது சொல்லிவிடுவார்கள். அப்போது பழைய வழக்கை விட அதை மறைத்ததுதான் பெரிதாகத் தெரியும். கொழும்புத் தலைமையகம் கடதாசியைப் பார்த்து முடிவு செய்யும் நிறுவனங்களில் இப்போதைக்கு நேரத்தைச் செலவிட வேண்டாம். தானே ஆளைப் பார்த்து எடுக்கும் முகவர்கள், மொத்த வியாபாரிகள், ஹாட்வெயார் கடைக்காரர்களை நேரில் சந்திக்கச் சொல்லுங்கள். என்னிடம் வந்திருந்தால், சில மாதங்கள் வானில் உதவியாளராகப் போய்வரச் சொல்லியிருப்பேன். காலையில் எத்தனை மணிக்கு எந்த நிலையில் வருகிறார், மாலையில் கடைகளில் சேர்த்த காசை எப்படிக் கணக்குக் காட்டுகிறார் என்பவற்றைக் கண்ணால் கண்ட பிறகு திறப்பைக் கொடுக்க எனக்குத் தயக்கம் இருக்காது.

சட்டத்தரணியின் லிகிதர்:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இடைநிறுத்தக் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, நீதிமன்றத்திலிருந்து அனுமதிப்பத்திரத்தை முறைப்படி மீளப் பெறாமலே ஓட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். பத்திரம் கையில் இருக்கிறதா, அதன் செல்லுபடிக்காலம் முடியவில்லையா, பட்டா என்ற சிறு லொறி, வான் ஆகியவற்றுக்கான பி வகுப்பு அதில் இருக்கிறதா என்பவற்றை முதலில் பாருங்கள். பெரிய லொறி என்றால் அதன் எடையைப் பொறுத்து சீ1 அல்லது சீ வகுப்பு வேண்டும். செல்லுபடியான பத்திரம் இல்லாதவரை ஓட்டவிட்டால் வாகனத்தைக் கொடுத்தவர் மீதும் வழக்கு வரும்.

1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னர், மதுபோதையில் ஓட்டும் குற்றத்துக்குக் குறைந்த தண்டமே 25,000 ரூபாய், சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். முன்னைய தண்டனைகள் இருக்கும்போது மூன்றாம் தடவை நீதிவான் இலகுவாக விடமாட்டார் என்பதைத் தம்பி நன்றாக உணர்ந்திருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் முன்னைய தண்டனை பற்றிக் கேள்வி இருந்தால் ‘இல்லை’ என்று எழுதவே கூடாது. பின்னர் பணிநீக்கம் செய்ய அதுவே போதுமான காரணமாகிவிடும்.

திருநெல்வேலிப் பட்டா:

உதவியாளராகத் தொடங்குவது நல்ல யோசனைதான், ஆனால் உதவியாளர் சம்பளத்தில் குடும்பம் ஓடுமா என்பதையும் பார்க்க வேண்டும். நான் சொந்தப் பட்டாவில் ஹயர் ஓடுகிறேன். திருநெல்வேலி, சுன்னாகம், கொடிகாமம் சந்தைகளுக்கு விடியற்புறத்தில் மரக்கறியும் தேங்காயும் ஏற்றுவதற்கு, நாட்சம்பளத்துக்குச் சாரதி தேடும் வாகனச் சொந்தக்காரர்கள் உண்டு. அவர்கள் கடதாசி கேட்பதில்லை. தெரிந்த ஒருவர் பொறுப்புச் சொல்வதையே கேட்கிறார்கள். கோயில் தலைவரோ பழைய முதலாளியோ கூட வந்து ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு.

மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி வேலையைப் பலர் சொல்வார்கள். அது கூடாத வேலை என்று நான் சொல்லவில்லை, ஆனால் உழைப்பு இரவில்தான் வருகிறது. ஓடர் வரும்வரை பழைய கூட்டாளிகளோடு சந்தியில் காத்திருக்க நேரும். குடியை விட்டவருக்கு விடியற்கால வேலையே பாதுகாப்பு. அதிலும் ஒரு கவனம் தேவை: முதல் நாள் இரவு அதிகம் குடித்தவருக்கு நித்திரை கொண்டு எழும்பினாலும் போதை முழுவதும் இறங்கியிருக்காது, காலை ஐந்து மணிக்கும் பொலிஸார் ஊதச் சொல்லும் பலூன் காட்டிக் கொடுக்கும். மனம் தடுமாறும் நாள்கள் வந்தால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கோண்டாவில் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. பத்திரத்தை நீதிமன்றத்தில் பெற்றுவிட்டார். பி வகுப்பு இருக்கிறது. சந்தைப் பக்கம் நாளை விடியவே போவதாகச் சொல்கிறார். முதலாளியைச் சந்திக்கும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

சட்டத்தரணியின் லிகிதர்:

அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, கிராம அலுவலரின் நற்சான்றிதழ். இவற்றோடு, வழக்கு இலக்கத்தைக் கொடுத்து நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கேட்டின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டம் கட்டப்பட்டதும் இடைநிறுத்தம் எப்போது முடிந்தது என்பதும் அதில் இருப்பதால், முதலாளி கேட்கும்போது வாயால் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அந்தப் பிரதியைப் பெறுவதில் சிக்கல் வந்தால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் விசாரியுங்கள்.