மலை சூடானால் மரத்துக்கு லாபமா?

கல்மரம்:
வெப்பமயமாதல் என்றதும் காடே போய்விட்டது என்று ஒப்பாரி வைப்பது வழக்கமாகிவிட்டது. மலைக்காட்டைப் பொறுத்தவரை இதை நான் ஏற்கமாட்டேன். உயரத்தில் நிற்கும் மரத்துக்கு முதல் எதிரி குளிர். அது தணிந்தால் மரம் வளரத்தானே செய்யும்? அமெரிக்காவின் மேற்கு மலைகளில் மூன்று இடங்களில் பிரிஸ்டில்கோன் பைன் மரங்களின் ஆண்டு வளையங்களை அளந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. மரவரம்பை, அதாவது அதற்கு மேல் மரம் வளராத உயர எல்லையை, ஒட்டிய மரங்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பருத்த அளவுக்கு, கடந்த 3,700 ஆண்டுகளில் வேறெந்த ஐம்பது ஆண்டிலும் பருக்கவில்லை. இதற்கு என்ன பதில்?

ஈரமண்:
பதில் அதே ஆய்வில் இருக்கிறது, நீங்கள்தான் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த வேகம் மரவரம்புக்குக் கீழே சுமார் 150 மீட்டர் வரையிலான பகுதியில் மட்டும்தான். அதற்கும் கீழே நிற்கும் அதே இன மரங்களில் அது இல்லை. உச்சியில் இருக்கும் ஓரத்தைக் காட்டி மொத்தக் காட்டுக்கும் தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

சும்மாவந்தவன்:
வெப்பம் எதற்கு? காற்றில் கரியமில வாயு கூடியதே மரம் பருக்கக் காரணமாக இருக்கலாமே.

வளையக்கணக்கு:
கீழே நிற்கும் மரமும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறது? வாயுதான் முக்கியக் காரணம் என்றால் அங்கேயும் பருத்திருக்க வேண்டும்.

உச்சியில் நடப்பது வேறு. பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிரிலும் இலை ஒளிச்சேர்க்கை செய்யும். ஆனால் பட்டைக்கு உள்ளே புது மரச்செல்களை உண்டாக்கும் கேம்பியம், 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கிட்டத்தட்ட வேலைநிறுத்தம் செய்துவிடும். சர்க்கரை கையிருப்பில் இருக்கிறது, கட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. உலகெங்கும் மரவரம்பு, வளர்பருவத்தின் சராசரி வெப்பநிலை 6 டிகிரியைச் சற்றுத் தாண்டும் இடத்தை ஒட்டி வந்து நிற்பது இதனால்தான். அங்கே கொஞ்சம் சூடு கூடினால் மரத்துக்கு ஆதாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கீழே இறங்க இறங்கக் கதை மாறுகிறது. மரத்தில் துளையிட்டு எடுக்கும் மாதிரி ஐந்து மில்லிமீட்டர் பருமன்தான் இருக்கும். அதைத் தேய்த்து மெருகேற்றி உருப்பெருக்கியில் பாருங்கள். பருவத் தொடக்கத்தில் உண்டான வெளிறிய பெரிய செல்கள், முடிவில் உண்டான சுவர் தடித்த கருஞ்செல்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு வரி. வறண்ட ஆண்டாக இருந்தால் அந்த வரியில் சில அடுக்குச் செல்கள்தான் தேறும். மிக மோசமான ஆண்டில் தண்டின் ஒரு பக்கத்தில் வளையமே விழாது. மற்ற மரங்களோடு ஒப்பிட்டால்தான் ஓராண்டு காணாமல் போனதே தெரியவரும்.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். மழை முன்போலவே பெய்தாலும் காற்றின் தாகம் கூடிவிடுகிறது. மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது, வளர்ச்சி தடைப்படுகிறது. 2003 கோடையில் சுவிஸ் ஆல்ப்ஸில் இது கண்கூடாகத் தெரிந்தது. அடித்தது ஒரே வெப்ப அலை, ஆனால் மேலே வளர்ச்சி கூடியது, கீழே குறைந்தது.

கல்மரம்:
ஆக, மேலே கூடியதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மகிழ்ச்சி. கீழே இழப்பதைக் காடு மேலே ஏறி ஈடுகட்டிக்கொள்ளும். உலகில் 166 மரவரம்புகளைத் தொகுத்துப் பார்த்ததில் 52 சதவீதம் முன்னேறியிருக்கின்றன, பின்வாங்கியது ஒரு சதவீதம்தான். அதுவும் 2009இல் வந்த ஆய்வுதான்.

ஈரமண்:
மீதி 47 சதவீதம் நின்ற இடத்திலேயே நிற்கிறதே, அதை யார் கணக்கில் வைப்பது? நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். அப்படியென்றால் ஒரு டிகிரி சூட்டுக்குக் காடு 160 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அங்கே விதை போய்ச் சேர வேண்டும், பாறைமேல் மண் இருக்க வேண்டும், நாற்று பின்பனிக்கும் மேய்ச்சலுக்கும் தப்ப வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காடு மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும்போல் இருக்கிறது!

உச்சியில் குளிர்தான் முதல் எதிரி என்பதும் எல்லா மலைக்கும் பொருந்தாது. நேபாள இமயத்தின் மரவரம்பில் நிற்கும் பூர்ஜ மரங்களைப் பாருங்கள். பருவமழைக்கு முந்தைய மார்ச் முதல் மே வரை மழை குறைந்து சூடு கூடும் ஆண்டுகளில் அவற்றின் வளையம் ஒடுங்கிவிடுகிறது.

சும்மாவந்தவன்:
பூச்சியைப் பற்றி யாரும் பேசவில்லையே. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப் பைன் வண்டு 1.8 கோடி எக்டேர் காட்டைத் தாக்கியது. மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய கடுங்குளிர் பட்டைக்குள் இருக்கும் புழுக்களைக் கொன்றுவிடும். அந்தக் குளிர் வருவது அரிதாகிவிட்டது. கல்மரம் ஐயா சொன்ன 'முதல் எதிரி' அதுவரை பார்த்துவந்த காவல் வேலை இது.

கல்மரம்:
காட்டுத்தீயைப் பல பத்தாண்டுகளாக அணைத்து அணைத்து, வண்டுக்குத் தோதான முதிர்ந்த பைன்களைப் பெருகவிட்டதும் அங்கே ஒரு காரணம். எல்லாவற்றையும் வெப்பத்தின் தலையில் கட்டாதீர்கள்.

வளையக்கணக்கு:
அது சரியான வாதம். ஆனால் இலை போட்டுப் பரிமாறி வைத்தாலும், விருந்தாளி குளிர்காலத்தைத் தாண்டி உயிரோடு வர வேண்டும் அல்லவா? "குளிர் தடையாக இருக்கும் இடத்தில், மண்ணில் ஈரம் இருக்கும்வரை மரம் வேகமாக வளரும்" என்று எழுதுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.

கல்மரம்:
ஈரம் என்ற நிபந்தனை எந்தக் காட்டுக்குத்தான் இல்லை? மரவரம்பு இன்னும் ஐம்பது ஆண்டில் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

ஈரமண்:
வரம்பை நீங்கள் பாருங்கள். அதற்கு 500 மீட்டர் கீழே இறங்கி அங்கே நிற்கும் மரங்களின் வளையத்தையும் அளந்துவிட்டு வாருங்கள், அப்போது பேசலாம்.