ரூட் பியரும் பாட்டி தைலமும்: பெயர் தெரியாததைக் கைகாட்டி வாங்கிய கதைகள்

மதுரைக்காரன், கோலாலம்பூர்

கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்த முதல் வாரம். பக்கத்து மேசையில் இருந்தவர் ஈப்போ பக்கத்துத் தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெள்ளிக்கிழமை மதியம், "வாங்க தம்பி, ஏ அண்ட் டபிள்யூ போவோம்" என்றார். அந்தப் பெயரே எனக்குப் புதிது. நம்மூரில் கே.எஃப்.சி., மெக்டொனால்ட்ஸ் தாண்டி என்ன தெரியும்? வழி நெடுக அண்ணன் கடையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார். 1963-லேயே மலேசியாவுக்கு வந்துவிட்டதாம். கே.எஃப்.சி. வந்தது 1973, மெக்டொனால்ட்ஸ் 1982. "அவனுங்க எல்லாம் நேத்து வந்த பசங்க" என்றார். ஏதோ இவரே முதலாளி மாதிரி.

மேலே தொங்கிய பலகையில் கோழி, பர்கர் எல்லாம் புரிந்தது. 'ரூட் பியர்' மட்டும் இடித்தது. மெதுவாக அவர் காதோரம், "அண்ணே, ஆபீஸ் நேரத்துல பீரா?" என்றேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. பெயரில்தான் பியர், சாராயம் துளியும் இல்லை. முக்காடு போட்ட பாட்டிகள் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள், அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

கனமான கண்ணாடிக் குவளையில் வந்தது. குவளையை முன்கூட்டியே உறைய வைத்திருக்கிறார்கள். வெளியே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது, விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டு இழுத்தது. உள்ளே கருப்பட்டி நிறம், மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை. வாயருகே கொண்டு போனேன். அவ்வளவுதான், எங்கள் பாட்டி வந்துவிட்டாள். ராத்திரி படுக்கும் முன் முழங்காலில் சூடுபறக்கத் தேய்த்துக்கொள்வாளே, அந்தத் தைலத்தின் வாசனை. ஒரு மடக்கு விழுங்கினேன். இனிப்பான தைலம். எதிரே அண்ணன் கண்ணை மூடி ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். பாதிக் குவளையை வைத்துவிட்டு, வயிறு நிரம்பிவிட்டது என்று பொய் சொன்னேன்.

அடுத்த முறை அவர் விடவில்லை. ரூட் பியருக்குள் வெனிலா ஐஸ்கிரீம் உருண்டையைப் போட்டு, 'ஃப்ளோட்' என்று வாங்கித் தந்தார். ஐஸ்கிரீம் கரைந்து நுரையோடு சேர்ந்து பழுப்பாக ஆனதும் ஒரு வாய் எடுத்தேன். இந்த முறை பாட்டி வரவில்லை. வேறு ஏதோ வந்தது, நாக்கு நுனியில் நிற்கிறது, பெயர் வரமாட்டேன் என்கிறது. ராத்திரி படுத்த பிறகுதான் பிடிபட்டது: நன்னாரி. ஜிகர்தண்டாவில் பாலும் ஐஸ்கிரீமும் நன்னாரி சர்பத்தும் கலந்து அடியில் தங்கி நிற்குமே, அந்தக் கடைசி மடக்கு.

இதேபோல் தெரியாத்தனமாக ஆர்டர் செய்து விழித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நான் மட்டும் அசடு வழிந்ததாக இருக்க வேண்டாம்.


ஓ.எம்.ஆர். வாசி

எனக்கு நேர்ந்தது சென்னையிலேயே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நாம் சொல்லச் சொல்லச் செய்து தரும் சாண்ட்விச் கடை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, டீம் லீட் பின்னால் நிற்கிறார். எந்த ரொட்டி, எத்தனை அங்குலம், எந்தச் சீஸ், சூடு பண்ணவா வேண்டாமா, காய் என்னென்ன, சாஸ் என்ன? காலேஜ் வைவாவில்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை. நாலாவது கேள்வியிலேயே சரணாகதி அடைந்து, "எல்லாம் போடுங்க" என்றேன். அவரும் நேர்மையாக எல்லாம் போட்டுவிட்டார். கறுப்புத் திராட்சை என்று நினைத்துக் கடித்தது உப்புக் கரித்தது. அதுதான் ஆலிவ் என்று பிறகு தெரிந்தது. மிளகாய் ஊறுகாய் என்று பார்த்து ஒதுக்கிய ஹாலப்பீனோதான் அதில் வாய்க்குச் சரிப்பட்ட ஒரே பொருள்.

இப்போதெல்லாம் முன்னால் நிற்பவர் சொல்வதைக் கேட்டு அப்படியே ஒப்பிக்கிறேன். அவர் ருசி தெரிந்தவரா என்பது என் அதிர்ஷ்டம்.


மருந்துக்கடைத் தம்பி, திருச்சி

மதுரை அண்ணே, பாட்டி வந்தது வெறும் பிரமை இல்லை. அமெரிக்காவில் பழைய ரூட் பியருக்கு வாசனை தந்தது சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டை. அதிலுள்ள சாஃப்ரோல் என்ற பொருள் ஆய்வுக்கூட எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கியது தெரிந்து, 1960-இல் அங்கே உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். சாசஃப்ராஸ் போனாலும் ரூட் பியரின் அடையாள வாசனையில் இன்றும் பெரும் பங்கு விண்டர்கிரீன் என்ற செடிக்கு. விண்டர்கிரீன் எண்ணெய் என்பது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். வலித் தைலம், களிம்பு ஏதாவது ஒரு டப்பாவைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதே பெயர் இருக்கும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது மிட்டாய் வாசனை, நமக்கு முழங்கால் வாசனை.

நன்னாரியும் சரிதான். ஆங்கிலத்தில் அதற்கு 'இந்தியன் சார்சபரில்லா' என்றே பெயர். அமெரிக்கச் சார்சபரில்லா வேறு குடும்பத்துக் கொடி, தாவர உறவு ஒன்றும் கிடையாது. ஆனால் அதுவும் வேர், ரூட் பியரில் சேர்ந்த வேர். நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணமான பொருளோ வெனிலாவின் மணப்பொருளுக்கு மிக நெருங்கியது. அதே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு. வெனிலா ஐஸ்கிரீம் போட்ட பிறகு உங்களுக்கு நன்னாரி ஞாபகம் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.


நாஞ்சில் பெண், ஒசாகா

ஜப்பானுக்கு வந்த புதிதில் எனக்கு எழுத்தும் தெரியாது, பேச்சும் தெரியாது. படத்தைக் கைகாட்டித்தான் சாப்பாடு. மெக்டொனால்ட்ஸ் என்று நான் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை. தோக்கியோவில் 'மாக்கு' என்பார்களாம், எங்கள் ஒசாகா பக்கம் 'மகுதோ'. இதை வைத்து இரண்டு ஊர்க்காரர்களும் சண்டை போடுவார்கள். நாகர்கோவில் பேச்சையும் திருநெல்வேலிப் பேச்சையும் வைத்து நாம் போடுகிற மாதிரி.

முதல் நாள் படத்தில் பளபளவென்று பழுப்புக் குழம்பு வழிந்த பர்கரைக் காட்டப் போனேன், பெயர் 'தெரியாக்கி'. கூட வந்த ஆபீஸ் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரியாக்கி என்றதும் கோழி என்று நான் நினைத்தேன்; அதிலே இருப்பது பன்றி இறைச்சி. நான் பன்றி சாப்பிட மாட்டேன் என்று அவளுக்கு எப்போதோ சொன்னது நல்லதாகப் போயிற்று. அவள் எனக்குக் காட்டித் தந்தது 'எபி ஃபிலே ஓ'. எபி என்றால் இறால்.

எங்கள் வீட்டில் இறால் என்றால் தேங்காய் அரைத்த குழம்பு, இல்லையென்றால் மாங்காய் போட்ட தீயல். இதையோ ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துப் பன்னுக்குள் வைத்திருக்கிறான், என்ன பெரிய ருசி வந்துவிடப் போகிறது என்ற இளக்காரத்தோடுதான் கடித்தேன். மேலே மொறுமொறுப்பு உடைந்ததும் உள்ளே இறால் துண்டு துண்டாகவே இருந்தது, அரைத்துக் கூழாக்கவில்லை. பல்லில் நறுக்கென்று பட்டது. காரம்தான் சுத்தமாக இல்லை. இரண்டாவது முறை போகும்போது பையில் மிளகுப்பொடி டப்பா கொண்டு போனேன். ஜப்பான்காரர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்கள், அவ்வளவே.

இன்னொன்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். இலையுதிர் காலத்தில் முழுநிலவு பார்க்கிற வழக்கம் இங்கே உண்டு. அதை ஒட்டி 1991 முதல் வருடா வருடம் 'த்சுகிமி பர்கர்' வருகிறது. நடுவில் வட்டமாக முட்டை, அதுதான் நிலா. கூடவே மாட்டிறைச்சியும் பேக்கன் என்ற பன்றி இறைச்சியும். வருவதோ நமக்குப் புரட்டாசி நெருங்கும் நேரம்! அங்கே அம்மா முட்டைச் சட்டியைக்கூடப் பரணில் ஏற்றிவிடுவாள். இங்கே ஊரெல்லாம் முட்டை நிலா. நான் படத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.


சைவப்பட்சி, நியூ ஜெர்சி

கைகாட்டிச் சாப்பிடும் சௌகரியம் எங்களுக்கு இல்லை. அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது மாமியார், "உருளைக்கிழங்கு வறுவலைக்கூட நம்பாதே" என்று சொல்லியனுப்பினார். அவர் பயத்துக்கு ஆதாரம் உண்டு. மெக்டொனால்ட்ஸ் 1990-இல் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டதாக இங்கே அறிவித்தது. ஆனால் வறுவலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி தொடர்ந்தது. 2001-இல் சியாட்டிலில் வழக்குப் போட்டார்கள், 2002-இல் மன்னிப்புக் கேட்டு, சைவ, இந்து அமைப்புகள் உட்படப் பலவற்றுக்கு ஒரு கோடி டாலர் தருவதாக ஒத்துக்கொண்டது. இந்தியக் கடைகளில் இந்தத் தொல்லை இல்லை. 1996-இல் டெல்லியில் திறந்தபோதே மாட்டிறைச்சி இல்லாமல்தான் தொடங்கினார்கள், சைவத்துக்குச் சமையல் பகுதியும் தனி. அங்கே ஆலு டிக்கி பர்கரைப் பிரித்துப் பார்த்த அப்பா சொன்னது: "உருளைக்கிழங்கு போண்டாவை யாரோ மிதிச்சுட்டாங்க."

இங்கே எங்களைக் காப்பாற்றியது டாக்கோ பெல். யாரும் வழிகாட்டவில்லை; பசி. கவுன்டரில் இருந்த பையனிடம் இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை என்று நான் பஜனை பாட, அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு 'பீன் புரீட்டோ' என்றான். பீன்ஸ் என்றதும் நான் நினைத்தது நம் பொரியல் பீன்ஸ். வந்ததோ ராஜ்மா மாதிரிப் பருப்பை வேகவைத்து மசித்து, சீஸும் புளிப்பான சிவப்புச் சாஸும் சேர்த்து, மைதா ரொட்டியில் சுருட்டியது. ஒரு வாய் சாப்பிட்டேன். இது சப்பாத்திக்குள் கூட்டு! உப்பு கொஞ்சம் தூக்கல், காரம் மந்தம். அதற்கும் வழி வைத்திருந்தான்: 'மைல்டு', 'ஹாட்', 'ஃபயர்', 'டியாப்ளோ' என்று குட்டிக் குட்டிச் சாஸ் பொட்டலங்கள். நாங்கள் தொடங்கியதே ஃபயரில்.

எங்கள் சமையலறையில் ஓர் இழுவறை முழுக்க இந்தப் பொட்டலங்கள்தான். சட்னி அரைக்கச் சோம்பலான காலையில் தோசைக்கு ஃபயர். சிரிக்காதீர்கள், சென்னையில் எங்கள் அண்ணி பீட்சாவோடு வந்த ஆரிகானோவைச் சேர்த்துவைத்து ஊத்தப்பத்தில் தூவுகிறாள்.


தேவகோட்டைக்காரன், சிங்கப்பூர்

செக்கச்செவேலென்று இருந்தால் காரம் என்று நம்புகிற ஊர்க்காரன் நான். அந்த நம்பிக்கையில் ஒருநாள் மண் விழுந்தது.

எங்கள் ஷிஃப்டில் பிலிப்பினோக்கள் நிறைய. ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசாவில் 2013-இல் ஜாலிபீ திறந்தபோது இவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பிலிப்பைன்ஸில் ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கிய நிறுவனம், அங்கே மெக்டொனால்ட்ஸையே பின்னுக்குத் தள்ளியது என்று அவர்களுக்குப் பெருமை. என்னையும் ஒருநாள் இழுத்துப் போனார்கள். தட்டில் ஸ்பகெட்டி, மேலே சிவப்புக் குழம்பு, துருவிய சீஸ். உறைக்கும் என்று தண்ணீரைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு ஒரு வாய் வைத்தேன். இனிப்பு. லேசான இனிப்பு இல்லை, சேமியா பாயசத்தில் தக்காளி சாஸ் ஊற்றி, ஹாட் டாக் துண்டுகளை மிதக்கவிட்ட மாதிரி. எதிரே நாலு பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள். "சூப்பர்" என்றேன். உடனே இன்னொரு தட்டு சொல்லிவிட்டார்கள்.

பிறகு அவர்களே சொன்னார்கள், வீட்டில் செய்யும்போது வாழைப்பழத்தில் செய்த கெட்சப் ஊற்றுவார்களாம், பிறந்தநாள் என்றால் இந்த இனிப்பு ஸ்பகெட்டி கட்டாயம். நமக்குக் கேசரி மாதிரி. கேசரி என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டபோது அது உள்ளே போனது, பொய் சொல்லக்கூடாது.

ஆனால் கோழிக்கு நான் அடிமை. பொரித்த கோழியோடு காகிதத்தில் சுற்றிய சோறும் கிரேவியும் தருகிறார்கள். கிரேவியைத் தொட்டுக்கொள்ளத்தான் வேண்டுமாம். நான் குழம்பு மாதிரிச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தேன். கையால். ஒரு பிலிப்பினோ அக்கா பார்த்துவிட்டு, தன் கரண்டியைக் கீழே வைத்தார்.


மதுரைக்காரன், கோலாலம்பூர்

திருச்சித் தம்பி சொன்ன வேதியியலை அப்படியே அண்ணனிடம் ஒப்பித்தேன். தன் ரூட் பியரைத் தைலத்தோடு சேர்த்ததில் அவருக்கு வருத்தம். நன்னாரி என்றால் என்ன என்று கேட்டார். இங்கே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், தமிழ்நாட்டைப் பார்த்ததே இரண்டு முறைதானாம்.

லீவுக்குப் போனபோது ஒரு பாட்டில் நன்னாரி சர்பத் வாங்கி, மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, வேட்டிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். அவர் வீட்டில் சோடா ஊற்றிக் கலந்து கொடுத்தேன். எலுமிச்சை பிழிய வேண்டும் என்று சொல்வதற்குள் குடித்துவிட்டார். கொஞ்ச நேரம் குவளையையே பார்த்தார்.

"இது சார்சி தம்பி, இங்க விக்கிற சார்சபரில்லா சோடா. எங்க அப்பா சம்பள நாள்ல வாங்கித் தருவாரு. காத்துப் போன சார்சி."

அண்ணியைக் கூப்பிட்டு, ஃப்ரிட்ஜில் வெனிலா இருக்கிறதா என்று கேட்டார்.