புளோரிடா ஸ்டேட் – ஏ.சி.சி. சமரசம்: இறங்கி வந்தது யார்?

கார்னெட் ரசிகன்:
எங்கள் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கும் (எஃப்.எஸ்.யு.), அது ஆடும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பான (கான்ஃபரன்ஸ்) ஏ.சி.சி.க்கும் நடந்த வழக்கு 2025 மார்ச்சில் சமரசமானதிலிருந்து "எஃப்.எஸ்.யு. கூச்சல் போட்டுவிட்டு வெறுங்கையோடு அடங்கிவிட்டது" என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். கணக்கைப் பாருங்கள். 2023 டிசம்பரில் வழக்குப் போட்டபோது ஏ.சி.சி.யை விட்டு வெளியேற 57.2 கோடி டாலர் ஆகும் என்றார்கள். சமரசப்படி 2026-ல் போனால் 16.5 கோடி. ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்து, 2030-31-ல் 7.5 கோடி. கட்டிவிட்டால், ஏ.சி.சி.க்கு எழுதிக் கொடுத்திருக்கும் எங்கள் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையும் கையோடு வந்துவிடும். இதற்குப் பெயர் தோல்வியா?

சார்லட் வக்கீல்:
57.2 கோடி எஃப்.எஸ்.யு. கூட்டிய கூட்டல், சார். கான்ஃபரன்ஸின் ஆண்டு பட்ஜெட்டைப் போல மூன்று மடங்கு வெளியேறும் கட்டணம், சுமார் 13 கோடி. மிச்சத்தில் பெரும்பகுதி 2036 வரை கைவிட்டுப் போகும் டிவி பணம். அந்த உரிமையை 2013-ல் எழுதிக் கொடுத்தது யார்? 2016-ல் மறுபடி கையெழுத்துப் போட்டு 2036 வரை நீட்டியது யார்? நிலத்தை விற்றுக் காசையும் செலவழித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் விலை ஏறியதும் பத்திரம் செல்லாது என்கிற கதைதான் இது.

கார்னெட் ரசிகன்:
2012-ல் கட்டணத்தை 5 கோடிக்கு மேல் உயர்த்தியபோது எதிர்த்து ஓட்டுப் போட்டவை இரண்டே பல்கலைகள்: மேரிலாந்து, எஃப்.எஸ்.யு. அந்த மேரிலாந்து அதே ஆண்டு பிக் டென் என்ற இன்னொரு கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தது. ஏ.சி.சி. கேட்டது 5.2 கோடி, 2014-ல் முடித்தது 3.14 கோடியில். நியாயமான தொகை என்றால் ஏன் குறைத்தார்களாம்? ஒப்பந்தத்தை முறிப்பதால் வரும் நஷ்டத்துக்கு ஈடாகத் தொகை எழுதலாம், தண்டனையாக எழுதினால் செல்லாது. முதல் வருஷச் சட்ட மாணவனுக்குத் தெரிந்த விஷயம்.

சார்லட் வக்கீல்:
அதைத் தீர்ப்பாக வாங்கிக் காட்டியிருக்க வேண்டியதுதானே? வாங்கவில்லை. டாலஹாசியில் எஃப்.எஸ்.யு.வின் அறங்காவலர்கள் வழக்குப் போட முடிவெடுக்கக் கூடுவதற்கு முந்தைய நாளே ஏ.சி.சி. வட கரோலினாவில் வழக்குப் போட்டுவிட்டது. அப்புறம் எந்த மாநில நீதிமன்றம் விசாரிப்பது என்ற சண்டையிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. 2024 மார்ச்சில் இன்னொரு ஏ.சி.சி. பல்கலையான கிளெம்சன் தென் கரோலினாவில் தன் பங்குக்கு ஒரு வழக்கு. இவ்வளவு நடந்தும், உரிமையை எழுதிக் கொடுத்தது செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிபதியும் இறுதியாகச் சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்ற பயம் இரண்டு பக்கமும் இருந்தது, அதனால்தான் சமரசம்.

பீவர் பாலா:
உங்கள் இருவர் சண்டையும் பணக்கார வீட்டுச் சண்டை. மேற்குக் கரைக் கூட்டமைப்பான பேக்-12-ல் பத்துப் பல்கலைகள் கிளம்பிப் போனபோது ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டும் தெருவில் நின்றன. 2023 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்து விட்மன் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போய், போகிறவர்களுக்கு நிர்வாகக் குழுவில் ஓட்டு கிடையாது என்று உத்தரவு வாங்கினார்கள். மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. கடைசியில் போனவர்கள் ஆளுக்கு 65 லட்சம் டாலரை விட்டுக்கொடுத்தார்கள். சின்னப் பல்கலைக்கு இருந்த ஒரே ஆயுதம் அந்த விதிப் புத்தகம். கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று ஆகிவிட்டால் முதலில் சாவது நாங்கள்தான்.

பே ஏரியா சுதா:
பாலா அண்ணா, எங்கள் பெர்க்லிக்கு, பேக்-12-ஐ விட்டு பிக் டென்னுக்குப் போன யு.சி.எல்.ஏ. ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் ஜீவனாம்சம் கட்டுகிறது, தெரியுமில்லையா? இரண்டுக்கும் ஒரே ரீஜெண்ட்ஸ் (கலிபோர்னியா பல்கலையின் ஆட்சிக் குழு) என்பதால் முடிந்தது. உங்களுக்கு அப்படி ஒரு மாமியார் இல்லை. :)

கார்னெட் ரசிகன்:
பாலா, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் 2023-ல் அமெரிக்கக் கால்பந்தில் 13-0 என்று எல்லா ஆட்டமும் ஜெயித்தும் எங்களைத் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் சேர்க்கவில்லை. அப்புறமும் சம பங்கு வாங்கிக்கொண்டு வாயை மூடி உட்காரணுமா? இப்போது டிவி பணத்தில் 60 சதவீதம் பார்வையாளர் எண்ணிக்கைப்படி, 40 சதவீதம்தான் சமமாக. வழக்குப் போடாமல் இதைக் கொடுத்திருப்பார்களா?

பீவர் பாலா:
60 சதவீதம் உங்களுக்கு இனிக்கும். ஏ.சி.சி.யின் சின்னப் பல்கலையான வேக் ஃபாரஸ்ட்டில் படித்தவர் யாராவது இங்கே இருந்தால் சொல்லட்டும். எஸ்.எம்.யு. பல்கலை ஒன்பது வருஷ டிவி பணமே வேண்டாம் என்று சொல்லி ஏ.சி.சி.க்குள் வந்தது. அவர்களுக்கு எந்தப் பங்கு?

சார்லட் வக்கீல்:
ஒன்று கவனித்தீர்களா? பிக் டென்னின் டிவி ஒப்பந்தம் 2030-ல் முடிகிறது. இங்கே கட்டணம் அடிமட்டத்துக்கு வருவது 2030-31. தேதியைத் தற்செயலாகவா போட்டிருப்பார்கள்? ஏ.சி.சி. ஐந்து வருஷ அமைதியை விலைக்கு வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

கார்னெட் ரசிகன்:
வக்கீல் சார், முதல் தடவையாக நீங்களும் நானும் ஒரே பக்கம்.

சார்லட் வக்கீல்:
இல்லை. கதவைத் திறந்து வைத்தாயிற்று, சரி. வழக்கு நடந்த காலம் முழுக்க, இன்னொரு பெரிய கூட்டமைப்பான எஸ்.இ.சி.யோ பிக் டென்னோ எஃப்.எஸ்.யு.வை வாருங்கள் என்று வெளிப்படையாக ஒரு வார்த்தை சொன்னதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.