அடிமுதுகில் அழுத்தம், ஒத்தடம், பந்து: பிரசவ வலிக்கு இவை போதுமா?

மயக்கவியலான்:
"மருந்தில்லாப் பிரசவம்" என்று இப்போது போஸ்டரே ஒட்டுகிறார்கள். முதுகைத் தடவிவிடுவதும் மூச்சு வாங்கச் சொல்வதும் ஆறுதல்தானே தவிர வலி நிவாரணம் இல்லை. எபிடியூரல், அதாவது முதுகுத்தண்டருகே மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்யும் வலி நிவாரணம், கேட்கிற பெண்ணிடம் "கொஞ்சம் நடம்மா, சரியாயிடும்" என்று தட்டிக்கழிக்கத்தான் இதெல்லாம் பயன்படுகிறது.

லேபர்வார்டு_சிஸ்டர்:
தட்டிக்கழிப்பது தப்புதான் டாக்டர். ஆனால் "தடவிவிடுவது" என்றீர்களே, கோளாறே அங்கேதான். தடவினால் ஒன்றும் ஆகாது, அழுத்த வேண்டும். குழந்தையின் பின்தலை அம்மாவின் முதுகுப் பக்கம் இருந்தால் வலி முழுக்க அடிமுதுகில் வெட்டும். அவளை நாற்காலியில் பின்பக்கமாகத் திரும்பி உட்காரவைத்து, சாய்மானத்தின் மேல் கையைப் போட்டு முன்னால் சாயவிடுங்கள். பிட்டப் பிளவுக்குச் சற்று மேலே இருக்கும் முக்கோண எலும்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கையை மடக்காமல், உங்கள் உடம்பு எடையைச் சாய்த்து அழுத்துங்கள். வலி ஏறும்போதே ஆரம்பிக்க வேண்டும். உச்சிக்கு வந்தபின் கைவைத்தால் "தொடாதீங்க" என்று கத்துவாள். வலி இறங்கும்வரை எடுக்கவும் கூடாது.

கணக்குப்பிள்ளை:
மூன்று டேபிளுக்கு ஒரு நர்ஸ் நிற்கிற வார்டில் யார் அழுத்துவது? பத்து நிமிஷத்துக்கு மூன்று நான்கு வலி, ஒவ்வொன்றும் முக்கால் நிமிஷத்துக்குக் குறையாது. பத்தாவது வலியில் கை விட்டுப்போகும்.

லேபர்வார்டு_சிஸ்டர்:
அதற்குத்தான் துணைக்கு ஆள். அம்மாவோ அக்காவோ யார் வந்தாலும் முதல் இரண்டு வலியிலேயே அவர் கையைப் பிடித்து இடத்தைக் காட்டிவிட வேண்டும். துணையைக் கதவுக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு ஆளில்லை என்பது நியாயமில்லை.

மயக்கவியலான்:
ஒத்தடம் கொடுத்துத் தோல் வெந்துபோவதையும் சொல்லுங்கள் சிஸ்டர். எபிடியூரல் போட்டு மரத்துப்போன இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்தால் சுடுவதே அவளுக்குத் தெரியாது. பனிக்குடம் உடைந்து, தலை இன்னும் இறங்காத பெண்ணை நடக்கவிட்டால் தொப்புள்கொடி முன்னால் நழுவலாம். உட்கார்ந்து இடுப்பை அசைக்கும் பெரிய பிரசவப் பந்தும் நடையும் எல்லாருக்கும் இல்லை.

லேபர்வார்டு_சிஸ்டர்:
இரண்டும் சரி. மரத்த தோலில் சூடு கூடவே கூடாது. மற்றவர்களுக்கும் துணியில் சுற்றி, நம் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்த பிறகுதான். மூச்சுப் பயிற்சியிலும் ஒன்று சொல்கிறேன்: "வேகமா, வேகமா" என்று அவசரப்படுத்தினால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி விரல் மரமரக்கும், தலை சுற்றும். மூக்கால் இழுத்து, ஊதுகிற மாதிரி மெதுவாக விடவைத்தாலே போதும். முக்கும் நேரத்தில் பெரினியத்தில், அதாவது பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் நடுவில், வைக்கும் வெதுவெதுப்பான துணிக்கு வேறொரு பலனும் உண்டு. மலவாய்த் தசைவரை போகும் கிழிசல் குறைகிறது. அது உங்கள் எபிடியூரல் செய்யாத வேலை.

கணக்குப்பிள்ளை:
உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டியில் கேட்பவருக்கு எபிடியூரலும் இருக்கிறது, மசாஜும் சூட்டு ஒத்தடமும் இருக்கிறது. நீங்கள் இருவரும்தான் ஒன்றை ஒன்றுக்கு எதிராக நிறுத்துகிறீர்கள்.

மயக்கவியலான்:
காகிதத்தில் இரண்டும் இருக்கிறது. மயக்க மருத்துவர் இரவில் இல்லாத ஊரில் ஒன்றுதான் இருக்கிறது, அதையே கொள்கை என்கிறார்கள். என் சண்டை அதோடுதான். இன்னொன்று: இரண்டு வலிக்கு நடுவில் வயிறு தளராமல் கல் மாதிரி இருந்தாலோ, முன்பு சிசேரியன் ஆனவள் தழும்பில் விடாமல் வலிக்கிறது என்றாலோ, முதுகை அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள்.

லேபர்வார்டு_சிஸ்டர்:
நிற்க மாட்டோம். முதுகில் ஒரு கை இருந்தால் வயிற்றில் இன்னொரு கை இருக்கும். தளரவில்லை என்று முதலில் தெரிவது அந்தக் கைக்குத்தான். உடனே குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டு உங்களுக்குத்தான் போன் அடிப்போம். எடுங்கள்.