பச்சைத் தண்ணீரில் முட்டை கழுவலாமா?

அடைக்கோழி:
"கூட்டிலிருந்து எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை பளபளவென்று இருக்கும்" என்று நம் குழுவில் குழாயடி என்பவர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. புதிதாகக் கோழி வாங்கியவர்கள் நம்பிவிடுவார்கள். கோழி இட்ட கணத்தில் முட்டை ஈரமாக மின்னும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலர்ந்துவிடும். அப்படி உலர்ந்து படியும் பூச்சுதான் ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளை அடைத்து வைக்கிறது. நாரால் தேய்த்தால் பூச்சு போயிற்று. சூடான முட்டை மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, எச்சம் கரைந்த நீரைத் துளை வழியாக இழுத்துக்கொள்ளும்.

குழாயடி:
30 ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்தான். அம்மா கழுவினார், நான் கழுவுகிறேன். ஒருவருக்கும் வயிற்றுவலி வந்ததில்லை. எச்சம் ஒட்டிய முட்டையை அடுப்படிக்குள் கொண்டுபோகச் சொல்கிறீர்களா? துளையாம், சுருங்குமாம்!

பஞ்சாரம்:
குழாயடி ஐயா சொல்வதும் தவறு, அடைக்கோழி அம்மா சொல்வதும் பாதிதான். முட்டையைக் கழுவவே கூடாது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் போதும்.

அடைக்கோழி:
பஞ்சாரம் அண்ணா, எச்சம் ஒட்டிய முட்டையை அரிசிக்குள்ளா? லேசான அழுக்கு என்றால் உலர்ந்த துணியால் துடைக்கலாம். மிகவும் அழுக்கானதை வெதுவெதுப்பான நீரில் சட்டென்று கழுவி, துடைத்து, அன்றே வேகவைத்துச் சாப்பிட்டுவிட வேண்டும். ஊறப்போடக் கூடாது. ஆனால் பேச்சு அதுவல்ல, பச்சைத் தண்ணீர். குழாயடி அதற்குப் பதில் சொல்லட்டும்.

பனிக்கூரை:
நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இங்கே கடைக்கு வரும் முட்டையைக் கழுவித்தான் அனுப்புகிறார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை விதிப்படி கழுவும் நீர் குறைந்தது 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். முட்டையைவிட 11 டிகிரியாவது கூடுதல் சூடாகவும் இருக்க வேண்டும். கழுவியபின் குளிர்பெட்டியை விட்டு வெளியே வைப்பதில்லை.

குழாயடி:
பார்த்தீர்களா, அமெரிக்காவிலேயே கழுவுகிறார்கள்!

அடைக்கோழி:
சூடான நீரில்! அந்தச் சொல்லை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் தர முட்டையைக் கழுவக் கூடாது என்றே பொதுவிதி. இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீருக்கு இடம் இல்லை.

மாடிப்படி:
பச்சைத் தண்ணீர் என்று எதைச் சொல்கிறீர்கள்? மே மாதத்தில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அதுவும் பச்சைத் தண்ணீரா?

குழாயடி:
பச்சைத் தண்ணீர் என்றால் பச்சைத் தண்ணீர்தான். ஐரோப்பாவைக் காட்டி என்னை மிரட்ட வேண்டாம். தண்ணீரில் போட்டால் கூமுட்டை மிதக்கும், நல்லது மூழ்கும். என் முட்டைகள் எல்லாம் மூழ்குகின்றன.

அடைக்கோழி:
மூழ்குவது முட்டை புதிது என்பதைக் காட்டும். நாளாக ஆக உள்ளே காற்றறை பெரிதாகி மிதக்கும். கிருமி இருக்கிறதா என்பதை அது காட்டாது. சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கும் முட்டையும் மூழ்கும். நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் 20 முட்டைகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு டப்பாவில் மூடிவிட்டுப் போனேன். பத்து நாள் கழித்து வந்து உடைத்தால் வெள்ளைக்கரு பாசிபோலப் பச்சையாக இருந்தது. நாற்றத்தில் சமையலறையில் நிற்க முடியவில்லை. 20 முட்டைகளையும் குழி வெட்டிப் புதைத்தேன்.

குழாயடி:
அது நீங்கள் ஈரத்தோடு மூடியதால். தண்ணீரின் மேல் பழி போடாதீர்கள்.

பஞ்சாரம்:
அம்மாவுக்கு இதே வழக்கம்தான். போன ஐப்பசியில் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழிநோய் பற்றிப் பேசியபோதும், சின்ன வெங்காயம் போதும் என்று நான் சொன்னதை மறுத்து எல்லோர் முன்னிலும் என்னைத் தாழ்த்தினார்.

அடைக்கோழி:
தாழ்த்தவில்லை. தடுப்பூசி போடாமல் வெள்ளைக்கழிச்சலை வெங்காயத்தால் நிறுத்த முடியாது என்றேன், இன்றும் அதையே சொல்கிறேன். அதே மாதம் உங்கள் ஆறு குஞ்சுகள் போனதாக நீங்களே எழுதினீர்கள்.

பஞ்சாரம்:
அவற்றைக் கீரி தூக்கிக்கொண்டு போனது!

பனிக்கூரை:
குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை வெளியே வைத்தால் வியர்க்கும். அந்த ஈரமும் ஆபத்துதான். அதையும் யாராவது...

அடைக்கோழி:
அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கூட்டில் வைக்கோலை மாற்றுங்கள், தினமும் இரண்டு முறை முட்டை எடுங்கள், கோழிகளை இரவில் முட்டைக்கூட்டில் படுக்கவிடாதீர்கள். என் 14 பெட்டைகளும் இடும் முட்டைகளில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் கழுவும்படி அழுக்காக வருகிறது. முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழாயடி, நான் கேட்டது ஒன்றே ஒன்று: சூடான முட்டை மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் அழுக்கு நீர் துளை வழியாக உள்ளே போகுமா, போகாதா?

குழாயடி:
30 ஆண்டுகளாகப் போகவில்லை.

அடைக்கோழி:
போகுமா, போகாதா?

குழாயடி:
என் முட்டை, என் குழாய். நாளைக் காலையிலும் பச்சைத் தண்ணீரில்தான் கழுவுவேன்.