ஹிர்ஷ்பிரங் நோய்: அடுத்த பிள்ளைக்கு இரத்தத்தில் புரதம் பார்த்து முன்கூட்டியே அறியலாமா?

களுவாஞ்சிகுடி அக்கா:
என் பெறாமகனுக்கு ஹிர்ஷ்பிரங் நோய், குடலின் கடைசிப் பகுதியில் நரம்புக் கலங்கள் இல்லாமல் பிறப்பது. பிறந்து மறுநாளும் மலம் போகவில்லை, வயிறு ஊதி, பச்சையாகச் சத்தி எடுத்தான். கொழும்பில் பயொப்சி (குடலில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுத்து, நரம்பில்லாத குடல் துண்டை வெட்டி ஒப்பரேசன் செய்தார்கள். பயொப்சி றிப்போட்டில் ‘கல்ரெட்டினின் இல்லை’ என்று இருக்கிறது. நோயுள்ள குடலில் பல புரதங்களின் அளவு வித்தியாசம் என்றும் வாசித்தேன். வயிற்றுப் பிள்ளையோடு மீனும் முட்டையும் ஒழுங்காகச் சாப்பிடாததால் வந்தது என்று வீட்டில் தங்கச்சியைக் குறை சொல்கிறார்கள். அவள் அழுதபடியே இருக்கிறாள். அடுத்த பிள்ளைக்கு இரத்தத்தில் இந்தப் புரதங்களைப் பார்க்கலாமா?

கல்லடி ஆய்வுகூடத் தம்பி:
அக்கா, திசுத் துண்டு வெட்டி நிறமூட்டுவதுதான் என் வேலை. முதலில் தங்கச்சியிடம் சொல்லுங்கள், அவ சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ இது வரவில்லை. கர்ப்பத்தின் 5ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரை, குடல் நரம்பாக மாற வேண்டிய கலங்கள் மேலிருந்து ஆசனவாய்ப் பக்கம் இறங்கி வரும். குடல் சுரக்கும் ஜிடிஎன்எஃப் என்ற புரதம் அவற்றை இழுக்கிறது. கலத்தின் மேலுள்ள ரெட் என்ற புரதம் அந்தச் செய்தியை உள்ளே கொடுக்கிறது. பல பிள்ளைகளில் பழுது இந்த ரெட் மரபணுவில்தான். கலங்கள் பாதியில் நின்றுவிடுவதால் எப்போதும் கடைசிப் பகுதியே வெறுமையாகிறது. அது இறுகிக் கிடக்க, நரம்புள்ள நல்ல குடல் மேலே ஊதிப் போகிறது.

கல்ரெட்டினின் நரம்புக் கலங்களிலும் அவற்றின் மெல்லிய நார்களிலும் இருக்கும் புரதம். நிறமூட்டினால் கபிலமாகத் தெரியும். நோயுள்ள துண்டில் அந்தக் கபிலம் இராது. எத்தனை துண்டு பார்த்தாலும், இது ஒரு சின்னப் பிள்ளையின் குடல் என்ற நினைப்பு எனக்குப் போவதில்லை.

நீங்கள் வாசித்த மாதிரி ஆய்வுகளில், ஒரே பிள்ளையின் நரம்புள்ள துண்டையும் இல்லாத துண்டையும் ஒப்பிடுவார்கள். வேறுபடும் புரதங்களில் எது காரணம், எது மலம் தேங்கி வந்த அழற்சியின் விளைவு என்று பிரிப்பது கஷ்டம். அதனால் இன்றைக்கும் பயொப்சிதான் முடிவு சொல்கிறது, இரத்தம் இல்லை.

பொதுவாகச் சுமார் 5,000 பிறப்புக்கு ஒன்று. கூடப்பிறந்தவர்களுக்கு ஆபத்து அதைவிடக் கூட. நோயுள்ள துண்டு நீளமென்றால் இன்னும் கூட. மரபணு ஆலோசனை கேளுங்கள். அடுத்த பிள்ளை பிறந்த உடனே மிஸ்ஸியிடம் (தாதியிடம்) அண்ணனின் கதையைச் சொல்லுங்கள். 24 மணி நேரத்தில் மலம் போகாவிட்டால் டொக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

அக்கரைப்பற்றுத் தகப்பன்:
ஒன்று சேர்க்கிறேன். ஒப்பரேசனுக்குப் பிறகும் குடல் அழற்சி வரலாம். காய்ச்சல், ஊதிய வயிறு, நாற்றமான தண்ணி மலம். எங்கள் மகனுக்கு வந்தபோது சாதாரண வயிற்றோட்டம் போலத்தான் இருந்தது. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச்சீனித் தூள்) கரைத்துக் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், இரவானாலும் கொண்டு போங்கள்.

களுவாஞ்சிகுடி அக்கா:
தம்பி, ஒப்பரேசன் துண்டின் றிப்போட்டில் ‘மேல்முனையில் நரம்புக் கலங்கள் உண்டு’ என்று இருக்கிறது. நல்லதுதானே?

கல்லடி ஆய்வுகூடத் தம்பி:
நல்லது அக்கா. வெட்டிய இடத்தில் நரம்பு இருக்கிறது, அப்படியென்றால் கீழே இழுத்துத் தைத்தது வேலை செய்யும் குடல். அந்த றிப்போட்டையும் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள், ஒவ்வொரு முறையும் கேட்பார்கள்.